கீர்த்தனையும் கிதாரும்: ‘அகம்’ ராக் குழுவின் வரலாறு



இன்றைய உரையின் பொருள் ‘அகம்’ என்னும் ராக் இசைக்குழு. 2003-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பட்ட குழு அது. தியாகராஜர் இயற்றியதை எடுத்தது. முத்துசாமி தீட்சிதர் இயற்றியதை எடுத்தது. சுவாதித் திருநாள் இயற்றியதை எடுத்தது. எடுத்த பாடல்களை மின்கிதார், டிரம்ஸ், கீபோர்டு, வயலின் ஆகியவற்றின் நடுவே நிறுத்தி, புதிய உருவத்தில் மேடையேற்றியது. சொந்தப் பாடல்களும் அந்தக் குழுவுக்கு உண்டு. ஆனாலும் ‘அகம்’ என்றதும் ரசிகர்களின் நினைவுக்கு முதலில் வருவது அதன் மறுஆக்கங்கள்தாம்.

இந்த வரலாற்றில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒருவர் இயற்றிய பாடலை இன்னொருவர் மாற்றலாமா? மாற்றலாம் என்றால் எதை மாற்றலாம்? எதைத் தொடக்கூடாது?

முதல் கேள்வியை முதலில் பார்க்கலாம். மாற்றலாமா?

ராக் உலகம் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. பாப் டிலன் 1967-இன் கடைசி வாரத்தில் வெளியிட்ட ஆல்பத்தில் ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ என்ற பாடல் இருந்தது. கிதாரும் ஹார்மோனிகாவும் முன்நிற்கும் எளிய பாட்டு. அடுத்த ஆண்டே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை எடுத்தார். சொற்கள் டிலனுடையவை, ஒலி முழுக்க ஹெண்ட்ரிக்ஸுடையது. பின்னாளில் டிலனே மேடைகளில் ஹெண்ட்ரிக்ஸின் முறையை ஒட்டிப் பாடினார். இயற்றியவரே மாற்றியவரைப் பின்பற்றினார் என்றால், அந்த மாற்றத்துக்கு வேறு சான்றிதழ் வேண்டுமா?

ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்காக எழுதிய ‘பிக்சர்ஸ் அட் ஆன் எக்சிபிஷன்’ என்ற தொடரை, எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற ஆங்கிலேய ராக் குழு 1971-இல் மேடையில் வாசித்து ஆல்பமாகவே வெளியிட்டது. இடையிடையே தன் சொந்தப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டது. கண்விழி முகமூடிக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளும் அமெரிக்கக் குழுவான தி ரெசிடென்ட்ஸ், 1960-களின் வானொலிப் பாடல்களைச் சிதைத்துக் கோத்து 1976-இல் ஒரு முழு ஆல்பம் செய்தது. ஸ்லோவேனியாவைச் சேர்ந்த லைபாக் குழு, பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ ஆல்பத்தை அதன் தலைப்புப் பாடலை மட்டும் விட்டுவிட்டு 1988-இல் தன் பாணியில் திரும்பப் பதிவு செய்தது. ஹெண்ட்ரிக்ஸின் மறுஆக்கம் மரியாதை. ரெசிடென்ட்ஸின் மறுஆக்கம் கேலி. லைபாக்கின் மறுஆக்கம் இரண்டுக்கும் நடுவே நிற்கும் அரசியல்.

மேலைநாட்டுக்கு அது சரி, கர்நாடக இசைக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கான விடை சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முத்துசாமி தீட்சிதர் மணலியில் வாழ்ந்த காலத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடல்கள் அவைதாம். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டே தீட்சிதர் கையில் ‘சந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதே வயலினைத் திருவிதாங்கூர் அரசவையில் வாசித்து, மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகப் பெற்றார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? அன்று அது அந்நிய வாத்தியம்; இன்று பக்கவாத்தியம்.

இந்தத் தங்கவயல் மண்ணுக்கும் மறுஆக்கம் புதிதல்ல. 1880-இல் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி இங்கே கால்வைத்த பிறகு, ஆங்கில அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வாழ்ந்த பகுதிகளில் மேலைநாட்டு நடனப் பாடல்கள் ஒலித்தன. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பறையும் கூத்தும் ஒலித்தன. தேவாலயங்களிலோ ஐரோப்பிய மெட்டில் தமிழ்ச் சொல் அமைந்த பாமாலையும், கர்நாடக மெட்டில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாடப்பட்டன. ஒரு மெட்டு தன் ஊரை விட்டு வேறொரு மக்களின் பாட்டாக மாறுவதைத் தங்கவயல் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, இயற்றியவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள்வரை பாட்டுக்கு உரிமை உண்டு. 2012-இல் வந்த திருத்தம், ஒரு பாடலின் முதல் பதிவு உருவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, உரிய தொகை செலுத்தி வேறொருவர் அதைத் திரும்பப் பதிவு செய்ய வழிவிடுகிறது. ஆனால் தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டை மாற்ற வேண்டுமென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆகவே, சமீபத்திய திரைப்பாடலை உருமாற்றுவது எளிதல்ல. தியாகராஜர் 1847-இல் மறைந்தார். தீட்சிதர் 1835-இல் மறைந்தார். சுவாதித் திருநாள் 1846-இல் மறைந்தார். இவர்களின் பாடல்கள் அனைவருக்கும் பொதுச்சொத்து. ‘அகம்’ கீர்த்தனைகளின் பக்கம் போனபோது சட்டத்தின் கதவு திறந்தே இருந்தது. திறக்க வேண்டியிருந்தது ரசிகர்களின் மனக்கதவு.

அந்தக் கதவை ஏற்கெனவே சிலர் தட்டியிருந்தார்கள். 1970-களில் ஜான் மெக்லாக்லின், எல். ஷங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோர் சேர்ந்த ‘சக்தி’ குழு கிதாரையும் கடத்தையும் ஒரே மேடையில் உட்கார வைத்தது. யு. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினில் கீர்த்தனை வாசித்தார். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் வாசித்தார். கிதார் பிரசன்னா கர்நாடக ராகங்களை மின்கிதாரில் வாசித்ததோடு, ஹெண்ட்ரிக்ஸை நினைவுகூரும் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ ஆல்பத்தையும் 2006-இல் வெளியிட்டார். தில்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழு, கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய சிரியாக் வழிபாட்டுப் பாடலை எடுத்து ‘கந்திசா’ ஆக்கியது. 2000-இல் வெளிவந்த அக்குழுவின் ஆல்பத்துக்கே அது தலைப்பானது. கர்நாடகத்தில் ரகு தீட்சித், 19-ஆம் நூற்றாண்டுத் தத்துவக் கவி சிசுநாள ஷரீபின் கன்னடப் பாடல்களைக் கிதாரோடு பாடி, இளைஞர்கள் வாயில் முணுமுணுக்க வைத்தார்.

இத்தனை பேர் இருக்கும்போது ‘அகம்’ செய்தது என்ன? வாத்தியத்தை மாற்றிக் கீர்த்தனை வாசிப்பது ஒரு வகை. ராக் பாட்டில் ஆங்காங்கே ராகத்தைத் தூவுவது இன்னொரு வகை. முழுக் கீர்த்தனையையும் எடுத்து, அதன் பல்லவி, அனுபல்லவி, சரணத்தோடு ஒரு முழு ராக் இசைக்கோப்பாக எழுப்புவது மூன்றாவது வகை. ‘அகம்’ தேர்ந்தது இந்த மூன்றாவது வகையை. புரோகிரஸிவ் ராக் என்ற பிரிவு அதற்குத் தோதானது. அந்தப் பிரிவில் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய கட்டாயம் இல்லை, தாளம் மாறலாம், வாத்தியங்கள் நீண்ட உரையாடல் நடத்தலாம். கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு இவை எதுவும் அந்நியம் அல்ல.

இனி அந்தக் குழுவின் பயணம்.

2003-ஆம் ஆண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஏப்ரலில் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்து பாடிய ஆண்டு அது. மென்பொருள் நிறுவனங்கள் நகரத்தை நிறைத்துக்கொண்டிருந்தன. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்து குவிந்தார்கள். அவர்களில் பலர் வீட்டில் கர்நாடக இசையும், கல்லூரி விடுதியில் ராக் இசையும் கேட்டு வளர்ந்தவர்கள். ‘அகம்’ அத்தகையவர்களின் குழு. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாட்டும் வயலினும், சுவாமி சீதாராமன் கீபோர்டும் பாடல் எழுதுதலும், டி. பிரவீண் குமார் மின்கிதார். கணேஷ் ராம் நாகராஜன் டிரம்ஸ். சிவகுமார் நாகராஜன் நம் நாட்டுத் தாளவாத்தியங்கள். காலப்போக்கில் சிலர் சேர்ந்தார்கள், சிலர் விலகினார்கள். உறுப்பினர்கள் வேலையை உடனே உதறிவிட்டு இசைக்கு வந்தவர்கள் அல்லர். பகலில் அலுவலகம், மற்ற நேரத்தில் ஒத்திகை என்றுதான் குழு வளர்ந்தது.

முதல் திருப்பம் 2007-இல் வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் பெயரோடு சன் தொலைக்காட்சியில் நடந்த ‘ஊ லலலா’ இசைக்குழுப் போட்டியில் ‘அகம்’ வெற்றி பெற்றது. அதே ஆண்டு மார்ச்சில்தான் அயர்ன் மெய்டன் குழு பெங்களூரில் வாசித்தது. உலகப் பெருங்குழுக்கள் வந்துபோகும் நகரத்தில், உள்ளூர்க் குழு ஒன்று தமிழ்த் தொலைக்காட்சி வழியாக வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்தது.

இரண்டாம் திருப்பம் 2012-இல் வந்தது. எம்டிவியின் கோக் ஸ்டுடியோ நிகழ்ச்சியின் இரண்டாம் பருவத்தில் ‘மல்ஹார் ஜாம்’ என்ற இசைக்கோப்பை ‘அகம்’ வழங்கியது. அது நாடு முழுவதும் கேட்கப்பட்டது. அதே ஆண்டில் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ என்ற முதல் ஆல்பமும் வெளிவந்தது. தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கழித்து முதல் ஆல்பம்! மறுஆக்கம் என்பது அவசர வேலையல்ல என்பதற்கு இந்தக் கால இடைவெளியே சாட்சி.

அந்த ஆல்பத்திலிருந்து மூன்று பாடல்களை எடுத்துப் பார்க்கலாம். எதை மாற்றலாம் என்ற இரண்டாம் கேள்விக்கு விடை அங்கே கிடைக்கிறது.

முதலாவது, ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’. அடியில் இருப்பது ஹம்சநாத ராகத்தில் ஆதிதாளத்தில் அமைந்த தியாகராஜரின் ‘பண்டுரீதி கோலு’. ராமனின் அவையில் ஒரு காவற்சேவகன் வேலை கேட்கும் பாட்டு அது. மயிர்க்கூச்செறிதலே கவசம், ராமபக்தன் என்ற பெயரே முத்திரைவில்லை, ராமநாமமே வாள் என்று தியாகராஜர் அடுக்குகிறார். கவசமும் வாளும் வரும் பாட்டுக்குக் கனத்த கிதார் ஒலி பொருந்தாதா? பொருந்தும். எட்டு அட்சர ஆதிதாளம் ராக் இசையின் நான்கு நான்கான நடையோடு இயல்பாகவே கைகோக்கும்.

ஆனால் சிக்கல் ஸ்வரக்கூட்டில் இருக்கிறது. மேலைநாட்டு இசை, கோர்டு எனப்படும் ஸ்வரக்கூட்டின் மேல் நிற்கிறது. கர்நாடக இசைக்குக் கோர்டு கிடையாது. ஒரு சுருதி, ஒரு ராகம், அவ்வளவுதான். இன்று பாடப்படும் ஹம்சநாதத்தில் ஸட்ஜம், சதுச்ருதி ரிஷபம், பிரதிமத்யமம், பஞ்சமம், காகலி நிஷாதம் ஆகிய ஐந்து ஸ்வரங்களே வரும். காந்தாரம் இல்லை. காந்தாரம் இல்லையென்றால் ஸட்ஜத்தின்மேல் முழுக் கோர்டு கட்ட முடியாது. ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த வெற்றுக்கூட்டுதான் கிடைக்கும். கனத்த ராக் இசையில் மிகுதியாகப் பயன்படும் ‘பவர் கோர்டு’ என்பது அதே வெற்றுக்கூட்டுதான்! தம்புராவில் ஓயாமல் ஒலிப்பதும் அதே ஸட்ஜ பஞ்சமம்தான். பஞ்சமத்தின்மேல் கட்டினால் பஞ்சமம், நிஷாதம், ரிஷபம் என்று ஒரு முழுக் கோர்டு கிடைக்கும். நிஷாதத்தின்மேல் கட்டினால் நிஷாதம், ரிஷபம், மத்யமம் என்று சோகம் தோய்ந்த இன்னொரு கோர்டு கிடைக்கும். ஆக, ராகத்துக்கு வெளியே கால் வைக்காமலே கிதாருக்கு வழி இருக்கிறது. அந்த வழியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் மறுஆக்கம் செய்பவரின் உழைப்பு.

இரண்டாவது, சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா. பரதநாட்டிய மேடையில் புகழ்பெற்ற உருப்படி. தில்லானாவில் பொருள்தரும் சொற்கள் குறைவு, தாளச்சொற்களே மிகுதி. தாளச்சொல்லுக்கு டிரம்ஸ் பதில் சொல்வது எளிது. ஜதியும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்தும்போது, மொழி தெரியாத ரசிகரும் பாட்டுக்குள் வந்துவிடுகிறார்.

மூன்றாவது, ‘போட் சாங்’. கேரளத்தில் வள்ளம்களி என்னும் படகுப் போட்டிக்குத் துடுப்புப் போடுவோர் பாடும் வஞ்சிப்பாட்டின் நடை அதில் இருக்கிறது. அது கூட்டமாகச் சேர்ந்து பாடும் பாட்டு. கீர்த்தனை ஒரு மேதையின் பாட்டு. வஞ்சிப்பாட்டு ஓர் ஊரின் பாட்டு. இரண்டையும் ஒரே ஆல்பத்தில் சரிசமமாக வைத்தது கவனிக்க வேண்டிய முடிவு.

2017-இல் ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ என்ற இரண்டாம் ஆல்பம் வந்தது. அதில் ‘மிஸ்ட் ஆஃப் காப்ரிகார்ன்’ என்ற பாடல், தியாகராஜரின் ‘மனவ்யாளகிஞ்சரா’ கீர்த்தனையின் மறுஆக்கம். ராகம் நளினகாந்தி. ‘கலைஞன்’ படத்தில் இளையராஜா அமைத்த ‘எந்தன் நெஞ்சில் நீங்காத’ பாடலின் ராகம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். இந்த ராகம் ஏறும்போது நேராக ஏறாது. ஸட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்குத் தாவி, ரிஷபத்துக்கு இறங்கி, பிறகு மத்யமத்துக்குப் போகும். கிதார் பயில்பவரின் விரலோ ஸ்வரங்களை வரிசையாக ஏறிப் பழகியது. பழக்கதோஷத்தில் ஸ, ரி, க, ம என்று ஒருமுறை நேராக ஓடினால் போதும், நளினகாந்தி கலைந்துவிடும். ஆகவே, இந்தப் பாட்டில் கிதார் வாசிப்பவர் தன் விரலுக்குப் புதிய பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தீட்சிதரின் ‘ரங்கபுர விஹாரா’வையும் ‘அகம்’ எடுத்தது. பிருந்தாவன சாரங்க ராகம், ரூபக தாளம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் தென்னாடு முழுவதும் பழகிய பாட்டு. தியாகராஜரின் கீர்த்தனையில், ஒரே வரியை மாற்றி மாற்றி விரிக்கும் சங்கதிக்கு மேல் சங்கதி வைத்து உயரத் தூக்கலாம். ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு வாத்தியத்தைக் கூடுதலாகச் சேர்க்க ராக் குழுவுக்கு இடம் உண்டு. தீட்சிதரின் பாட்டோ நிதானமாக நடப்பது. மூன்று மூன்றாக எண்ணும் ரூபகத்தில், நான்கு நான்காக எண்ணிப் பழகிய டிரம்ஸ் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். பாட்டு குழுவுக்கு இணங்குவது ஒரு பாதி. குழு பாட்டுக்கு இணங்குவது மறுபாதி.

இங்கே தங்கவயல்காரர்களுக்குத் தெரிந்த ஓர் உவமை பொருந்தும். அரைத்துச் சலித்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண்தான் இந்த ஊரின் சயனைடு மேடுகள். அந்த மண்ணிலும் தங்கம் மிச்சம் இருக்கிறது. அதைப் பிரிக்கப் புதிய முறையும் கூடுதல் பொறுமையும் வேண்டும். இருநூறு ஆண்டுகளாக ஆயிரம் பேர் பாடிய கீர்த்தனையும் அப்படித்தான். அதில் எடுக்க இன்னும் இருக்கிறது. ஆனால் முறை தெரியாதவருக்கு அது வெறும் மண்.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். எதைத் தொடக்கூடாது? ‘அகம்’ மீதான விமர்சனங்களே இதற்கு வழிகாட்டுகின்றன.

கச்சேரி ரசிகர்களின் குறை ஒன்று: ஒலியின் கனத்தில் கமகம் கரைந்துவிடுகிறது என்பது. இது வெறும் பழமைவாதம் அல்ல, ஒலியியல் உண்மை. ஸ்வரத்தை அசைத்து அசைத்துப் பாடும் கமகத்தின் நுட்பம், பல வாத்தியங்கள் ஒரே நேரத்தில் முழங்கினால் காதுக்கு எட்டாது. அதனால்தான் நல்ல மறுஆக்கங்களில் குரல் வரும் இடத்தில் கிதார் ஒதுங்குகிறது. குரல் ஓய்ந்த இடத்தில் முன்வருகிறது. இன்னொரு குறை, பக்திப்பாட்டு கேளிக்கையாகிவிடுகிறது என்பது. இதற்கு விடை பாடகரின் சொல்லுச்சரிப்பிலும் பொருளறிவிலும் இருக்கிறது. சேவகன் வேலை கேட்கும் பாட்டை அதிகாரம் செய்யும் குரலில் பாடினால், ராகம் சரியாக இருந்தும் பாட்டு தவறிப்போகும். ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் மலையாளத் திரைப்பாடல்களைத் தம் முறையில் விரித்துப் பாடியபோதும் ரசிகர்களிடையே இதே விவாதம் எழுந்தது. மூலப்பாடலின் மேல் அன்பு உள்ளவர்கள் சண்டைக்கு வரத்தான் செய்வார்கள். அந்தச் சண்டை பாட்டு உயிரோடு இருப்பதன் அடையாளம்.

இதைவிட ஆழமான விமர்சனம் ஒன்றும் உண்டு. மறுஆக்கம் என்றால் எப்போதும் கீர்த்தனைதானா? சபாவுக்கு வெளியே நின்ற மக்களின் பாட்டு எங்கே? 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அந்தக் கேள்வியின் விடையாக வந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் ஏறின. சாவு வீட்டிலும் தெருமுனையிலும் ஒலித்த கானா, மின்கிதாரின் துணையோடு அரசியல் பேசியது. அந்தக் குழுவின் பெயர், சாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய தொடரிலிருந்து பிறந்தது. அதே அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய இடங்களில் ஒன்று, இங்கே பக்கத்தில் இருக்கும் மாரிக்குப்பம்.

‘அகம்’ எடுத்தது அரங்கின் பாட்டு. ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ எடுத்தது தெருவின் பாட்டு. இரண்டு குழுக்களின் நோக்கமும் வேறு. ஆனால் இரண்டுக்கும் ஒரே நிபந்தனை உண்டு. கானாவின் இழுப்பு தெரியாமல் கானாவை மாற்ற முடியாது. நளினகாந்தியின் வளைவு தெரியாமல் நளினகாந்தியை மாற்ற முடியாது. ஒலிக்கருவியை மாற்றலாம், வேகத்தை மாற்றலாம், நீளத்தை மாற்றலாம், அடியில் ஸ்வரக்கூட்டை வைக்கலாம். ராகத்தின் நடை, தாளத்தின் கணக்கு, சொல்லின் பொருள், பாட்டுக்குரிய மக்களின் மானம் ஆகிய நான்கையும் குலைத்துவிட்டால் மிஞ்சுவது வேறு எதுவோ. அந்தப் பாட்டு அல்ல.

ஆகவே, மறுஆக்கம் செய்ய விரும்பும் இளைஞர் முதலில் செய்ய வேண்டிய வேலை மூலப்பாட்டை மூலத்திலேயே கற்பது. குருவிடம் கற்கலாம், கானாப் பாடகரிடம் கற்கலாம், பழைய இசைத்தட்டிலிருந்தும் கற்கலாம். ‘அகம்’ குழுவின் வரலாறு கைதட்டலின் வரலாறு மட்டுமன்று. இரண்டு இலக்கணங்களை ஒருசேரப் படித்தவர்களின் வரலாறு. அந்தப் படிப்பு இருந்தால் கிதார் கையில் கீர்த்தனை பத்திரமாக இருக்கும். கீர்த்தனை வழியாகக் கிதாருக்கும் இந்த மண்ணில் ஒரு வீடு கிடைக்கும்.